பிட்டு மாப் பதம்

கோழி முட்டை இட்ட நாளில் எந்தப் பருமனோ, குஞ்சு வரும் வரை அதே பருமன்தான். ஓணான் முட்டை அப்படியல்ல. அதன் ஓடு தோல் போன்றது. சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பெருக்கும். மண் காய்ந்தால் முட்டை குழி விழுந்து சுருங்கும். சேறானால் உள்ளே இருக்கும் குஞ்சுக்குக் காற்றுப் போகாது. மழை பெய்து மண் இளகியதும் தாய் ஓணான் குழி தோண்டி முட்டையிடும். மண்ணை மூடித் தலையாலேயே தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு தாயும் தாதியும் அந்த மண்தான்.

போன மாரியில் அடித்த காற்றுக்கு உம்மாவின் குரோட்டன் சாடி விழுந்து உடைந்தது. கலையாமல் நின்ற மண்கட்டிக்குள் ஒன்பது வெள்ளை முட்டைகள். மதிலில் காகம் வந்து குந்திவிட்டது. ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புரளாமல் எடுத்தேன். ஊர்வனவற்றின் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டி வளர்வது. கோழி முட்டையைப் போலத் திருப்பிவிட்டால் இறந்துவிடக்கூடும்.

"இதென்ன புள்ள, ஓணானுக்குத் தொட்டில் கட்டுறியா?" என்றார் மூத்தம்மா. இப்ராஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதிய இனம் என்று கேட்டு வளர்ந்தவர். நான் வாதாடவில்லை. காகத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஐஸ்கிரீம் பெட்டி கிடைத்தது. தும்புத் தூளும் மணலும் கிடைத்தன. எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கேள்வி. கதிரையில் இருந்தபடியே மூத்தம்மா சொன்னார்: "பிட்டுக்கு மாக் குழைக்கத் தெரியாதா? பிடிச்சா பிடிபடணும், தட்டினா உதிரணும்." எந்த அளவுகோலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

முட்டைகளைப் பாதி புதைத்து மூடியைப் போட்டேன். மூடியின் உட்புறம் துளிர்க்கும் நீர் முட்டையில் சொட்டக்கூடாது என்பதற்காகப் பெட்டியைச் சற்றுச் சரித்து வைத்தேன். கிழமைக்கொரு தரம் திறந்து காற்று விட்டு, சமையலறைத் தராசில் நிறுப்பேன். குறைந்திருந்தால் அந்தக் குறைவுக்குரிய தண்ணீரை ஓரமாக மட்டும் விடுவேன். இரண்டு முட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது, அகற்றிவிட்டேன்.

ஆறாவது கிழமை மீதி ஏழிலும் குழி விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரம் குறைந்தாலும் குழி விழும். குஞ்சு வெளிவரப் போகும்போதும் விழும். எப்போது இட்ட முட்டை என்று தெரியாததால் நாட்கணக்கும் உதவவில்லை. "தண்ணிய ஊத்தன்" என்றார் காக்கா. தராசில் நிறை குறையவில்லை. ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன்: பிடிபட்டது, தட்டினால் உதிர்ந்தது. ஒரு சொட்டும் விடவில்லை.

சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது ஓடுகளில் கீறல். பகலுக்குள் ஆறு குஞ்சுகள் வேலியோரச் செவ்வரத்தைக்குள் ஓடி மறைந்தன. ஏழாவது, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அஸர் வரைக்கும் அப்படியே இருந்தது. மூத்தம்மா கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூடியப் போடு புள்ள, காஞ்சிரும்" என்றார்.