சம் மணற்குன்றுகளில் ஒரு மாலை

ஜோத்பூருக்கு உத்தியோக நிமித்தம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும், ஜெய்சால்மருக்கு அப்பாலுள்ள சம் மணற்குன்றுகளை நான் பார்த்ததில்லை. பிறரை ஊருக்கு அனுப்பி வைப்பதே ரயில்வே குமாஸ்தாவின் தொழில். அவன் ஊர் பார்ப்பது வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான். சென்ற மார்கழியில் என் மனைவியின் தமையனார், தம் பன்னிரண்டு வயது மகனுடன் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். எங்கள் பக்கத்துச் செம்மணற் காட்டைத் தேரி என்போம். அங்கே பிறந்து வளர்ந்தவர் அவர்.

“தேரியில் பிறந்தவனுக்கு மணல் காட்டவா இத்தனை தூரம், மாப்பிள்ளை?” என்று சிரித்துக்கொண்டேதான் புறப்பட்டார்.

இரவு வண்டியில் ஏறினோம். பலோடி, ராம்தேவ்ரா, போக்ரான் எல்லாம் உறக்கத்திலேயே கழிந்தன. சுமார் 300 கிலோ மீட்டர் கடந்து, விடியலில் ஜெய்சால்மரில் இறங்கினால், ஊருக்கு நடுவே மஞ்சள் கல்லாலான கோட்டை கண்ணைப் பறிக்கிறது. 1156-இல் ராவல் ஜெய்சால் நிறுவியது என்பர். இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். கோட்டையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மணலுக்கு வருகிறேன்.

நகருக்கு மேற்கே நாற்பது கிலோ மீட்டருக்குச் சற்று அப்பால் உள்ளது சம். பாலைவனம் முழுதும் மணற்குன்றுகளே என்று எண்ணிச் செல்பவர் ஏமாந்து போவார். வழியெல்லாம் கல்லும் முட்புதருமான தரைதான். திடீரென்று ஓரிடத்தில், யாரோ அள்ளிக் கொட்டி வைத்ததுபோல் மணல் அலையலையாக எழுகிறது. ஒட்டகங்களும் ஜீப்புகளும், நான்கு தடித்த சக்கரங்களோடு உறுமும் குவாட் பைக்குகளும் அங்கே காத்திருக்கின்றன. ஜீப்பின் பின்புறம் பிரயாணிகள் கம்பியைப் பற்றி நின்றுகொண்டு, குன்றின் மேல் பாய்ந்து ஏறி மறுபுறம் விழுவதுபோல் இறங்குவதுதான் அங்கே பெரிய வேடிக்கை.

எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் முப்பது வயதுக்காரர், தலைப்பாகையும் முறுக்கு மீசையும் உடையவர், பேச்சு குறைவு. முதலில் நான்கு சக்கரங்களிலும் பாதிக்குப் பாதி காற்றைத் திறந்துவிட்டார். டயர் தட்டையாகி மணலில் பரந்து அழுந்தினால்தான் வண்டி புதையாது. பிறகு பையனை நிற்க விடாமல் இருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினார். அவன் முகம் சுருங்கிவிட்டது.

வண்டி ஒரு குன்றில் ஏறியது. உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது. ஓட்டுநர் இறங்கி நடந்து, உச்சியில் நின்று அப்புறம் பார்த்துத் திரும்பி வந்தபின்தான் வண்டியைச் செலுத்தினார். அடுத்த குன்றிலும் அப்படியே. அதற்குள் இரண்டு ஜீப்புகள் கூச்சலும் பாட்டுமாய் எங்களைத் தாண்டிப் பறந்தன. “காசு கொடுத்தது இவர் நடப்பதைப் பார்க்கவா, மாப்பிள்ளை?” என்றார் மைத்துனர். மூன்றாம் குன்றில் நானே காரணம் கேட்டேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு கையால் ஓர் உச்சியைக் காட்டினார். “என் அண்ணன் அங்கேதான் போனான், பாபுஜி” என்றார்.

தந்தையின் ஒட்டகங்களை விற்று அண்ணனும் தம்பியுமாக வாங்கிய முதல் ஜீப் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற மாலையில் அண்ணன் கிழக்கிலிருந்து ஏற, வேறொரு வண்டி மேற்கிலிருந்து ஏறியது. ஒருவரையொருவர் கண்டபோது இடையே ஒரு முழம்கூட இல்லை. அண்ணன் வெளியே தூக்கி எறியப்பட்டார். வண்டி அவர் மேல் உருண்டது. வாரைப் பூட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆஸ்பத்திரி ஜெய்சால்மரில், பாதி வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அந்த உச்சியில் அவர் ஆயிரம் முறை ஏறி இறங்கியிருப்பார்.

அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. முன்னுள்ள நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ கிடைத்தாலன்றி எங்கள் ரயில் ஓரடி நகராது. ஒரே பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வரலாகாது என்பதற்காகவே அத்தனை கருவியும் புத்தகமும் கையெழுத்தும். மணலில் பாதையுமில்லை, லைன் கிளியர் கொடுக்க மாஸ்டரும் இல்லை. காற்றை நோக்கிய பக்கம் மணல் இறுகி மெதுவாக உயர்கிறது. மறுபக்கமோ ஏறத்தாழ 33 பாகைச் சரிவில் பொலபொலவென்று தொங்கி நிற்கிறது. ஏறுபவனுக்கு வானம் ஒன்றுதான் தெரியும். நடுப்பகலில் நிழலே விழாமையால் பள்ளம் புலப்படாது. மாலையில் மேற்கே செல்பவனின் கண்ணை வெயில் கட்டிவிடும். கோடைக் காற்றிலோ உச்சியே இடம் மாறும். சரிவில் குறுக்காகத் திருப்பினால் வண்டி உருளும்; ஆகவே நேரே ஏறி நேரே இறங்க வேண்டும் என்பதைப் பழகியவர் எல்லோரும் அறிவர்.

இக்கலை புதிதன்று. பாக்னால்டு என்னும் ஆங்கிலப் பட்டாளத்து எஞ்ஜினீயர், நம் நாட்டிலும் பணி புரிந்தவர், எகிப்து, லிபிய மணற்கடல்களை ஃபோர்டு கார்களில் கடந்து, மணலின் இயல்பைப் பற்றி 1941-இல் ஒரு நூலே வெளியிட்டார். அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கண்ணாடி இழையாலான இலேசான கூட்டில் வோக்ஸ்வேகன் காரின் பாகங்களைப் பொருத்தி, மணலில் ஓடும் ‘டியூன் பக்கி’யைச் செய்தார். கலிபோர்னியாவின் தென்கிழக்கில் கிளாமிஸ் என்னுமிடத்தில் விடுமுறை நாட்களில் அத்தகைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. அங்கே ஒவ்வொரு வண்டியிலும் தரையிலிருந்து எட்டடி உயரக் கம்பும் நுனியில் கொடியும் இருக்கவேண்டும் என்பது விதி. உச்சிக்கு அப்பால் வண்டி வருவதைக் கொடி முந்திச் சொல்லிவிடும். எத்தனை பேரைப் பறிகொடுத்த பின் அந்தக் கொடி வந்ததோ!

தேர்ந்தவர்களையும் மணல் விடுவதில்லை. நம் நாட்டு ஹீரோ நிறுவனத்தின் அணிக்காகத் தகார் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய போர்ச்சுக்கீசியர் பாவுலோ கொன்சால்வ்ஸ், 2020 ஜனவரி 12-இல் சவூதி அரேபியப் பாலையில் விழுந்து இறந்தார். வயது நாற்பது. பின்னால் வந்த டோபி பிரைஸ் பந்தயத்தை விட்டு அவரருகே நின்றுவிட்டார். மறுநாள் மோட்டார் சைக்கிள்களுக்கு ஓட்டமே நடக்கவில்லை. ஹீரோ அணியும் போட்டியினின்று விலகியது.

குளிர்காலத்தில் நம் சங்கத்து அன்பர்கள் வீட்டுக்கு விருந்தினர் வருவதும் சம்முக்குப் புறப்படுவதும் வழக்கம். வாடகை பேசும்போதே வார் உண்டா, மேலே இரும்புக் குழாய்க் கூடு உண்டா என்று கேளுங்கள். குழந்தைகளை நிற்கவிடாதீர்கள். வேகமாக ஓட்டச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டுவோரை நான் கண்ணால் பார்த்தேன். நம்மவரும் அதில் இருந்தனர் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

மூன்றாம் குன்றடியில் அந்தக் கதையைக் கேட்டபின் மைத்துனர் வாய் திறக்கவில்லை. நான்காம் குன்றில் வண்டி நின்றதும், ஓட்டுநருக்கு முன்னே அவரே கீழே குதித்தார். தேரியில் நடந்து பழகிய கால் அல்லவா. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரசரவென்று ஏறிவிட்டார். உச்சியில் நின்று இருபுறமும் நெடுநேரம் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து எங்களை நோக்கி வீசினார்.

“மாமா, லைன் கிளியர்!” என்றான் பையன்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.