எந்தக் கம்பியில் மின்சாரம்?

கூரையில் மாட்டிய வைஃபை பெட்டிக்கும் தெருமுனைக் கேமராவுக்கும் பெரும்பாலும் தனி மின் ஒயர் போவதில்லை. டேட்டா போகும் ஈதர்நெட் கேபிளிலேயே கரண்டும் போய்விடுகிறது. அதை அனுப்புவது நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் இருக்கும் ஒரு கன்ட்ரோலர் சிப். அந்தச் சிப்பை லினக்ஸுக்கு எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று பார்க்க, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்23881க்கான டிவைஸ் ட்ரீ விவரிப்பைத் திறந்தேன். அதில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று சிப்பின் சேனல்கள். மற்றொன்று ‘பிஐ’ (பவர் இன்டர்ஃபேஸ்) என்ற பெயரில் போர்ட்டுகள். எந்தக் கம்பி ஜோடிகள், எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பதெல்லாம் இதில்தான். ஒரே சிப்புக்கு எதற்கு இரண்டு?

முதலில், விவரிப்பே எதற்கு என்று பின்னோக்கிப் போனேன். யூஎஸ்பி சாதனம் செருகியதும் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளும். ஐ2சி இணைப்பில் உட்கார்ந்திருக்கும் சிப் சொல்லாது. யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்கும் வழக்கம் 1980களின் இறுதியில் சன் நிறுவனத்தின் கணினிகளில் தொடங்குகிறது. அங்கே மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன்பூட், வன்பொருளை ஒரு மரமாக அடுக்கி இயங்குதளத்திடம் கொடுத்தது. 1994இல் அது ஐஇஇஇ 1275 தரநிலையாயிற்று. பவர்பிசி லினக்ஸ்காரர்கள் அந்த மரத்தை ஒரு கோப்புக்குள் மடித்தார்கள்; அதுதான் டிவைஸ் ட்ரீ. 2011இல், ஏஆர்எம் போர்டுகளுக்காகக் கெர்னலில் குவிந்த நிரல்களைக் கண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்த பிறகு, அந்தப் பக்கமும் இதே வழிக்கு வந்தது.

ஆனால் பிஐ இந்த வம்சத்தில் பிறந்ததல்ல. அதன் ஊர் ஈதர்நெட் தரநிலை. 2003இல் வந்த 802.3ஏஎஃப், இரண்டு ஜோடிக் கம்பிகளில் 15.4 வாட் வரை அனுப்ப விட்டது. 1, 2, 3, 6 பின்கள் வழியாக அனுப்பினால் ‘ஏ’ முறை. 4, 5, 7, 8 வழியாக என்றால் ‘பி’. 2018இல் 802.3பிடி நான்கு ஜோடிகளையும் சேர்த்து 90 வாட்டுக்கு உயர்த்தியது. அப்படி ஒரு போர்ட்டுக்குச் சிப்பின் இரண்டு சேனல்கள் வேண்டும். எந்த இரண்டு? போர்டை வரைந்தவருக்குத் தடம் இழுக்க வசதியான இரண்டு. அடுக்குமாடியின் ஈபி மீட்டர்கள் வீட்டு எண் வரிசையிலா இருக்கின்றன? எதிர் முனையில் 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று சிப் தானே சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடுகிறது. அதனால் அதை விவரிப்பில் எழுத வேண்டியதில்லை. தன் சேனல் எந்தத் துளையில் போய் முடிகிறது என்பது மட்டும் அதற்குத் தெரிய வழியே இல்லை. தப்பாக எழுதினால், மூன்றாம் போர்ட்டை அணைக்கச் சொன்னால் ஏழாம் போர்ட்டின் கேமரா அணையும்.

லினக்ஸில் கேபிள் வழி மின்சாரத்தைக் கையாளும் பகுதி 2022இல் ஒலெக்ஸி ரெம்பெலின் கையால் வந்தபோது பேச்சு ஒற்றை ஜோடி ஈதர்நெட்டைப் பற்றித்தான். இருப்பது ஒரே ஜோடி. எந்த ஜோடி என்ற கேள்வி எழவில்லை. 2024இல் பூட்லின் நிறுவனத்தின் கோரி மென்சென் வழக்கமான நான்கு ஜோடிக் கேபிளுக்கு விரித்தபோதுதான் பிஐ நுழைந்தது. அவர் கொண்டுவந்த இரண்டு டிரைவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு விடை கிடைத்தது. டெக்சாஸ் சிப்பில் சேனல்கள் நேராகவே இருக்கின்றன. மைக்ரோசிப்பின் பிடி692எக்ஸ்0இல் ஒரு தலைமைக் கன்ட்ரோலர், அதன் கீழே மேனேஜர்கள், அவற்றின் கீழே போர்ட்டுகள். உள்ளே இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டு விவரிப்புகளிலும் பிஐ பகுதி ஒரே அச்சு. நெட்வொர்க் பக்கத்து விவரிப்பு சுட்டுவதும் பிஐயைத்தான். உள்ளே எந்தக் கம்பெனிச் சிப் என்று அது கவலைப்படுவதில்லை.

பாசிட்டிவ், நெகட்டிவ் விவரம்தான் எனக்கு மிகையாகப் பட்டது. மின்சாரம் வாங்கும் சாதனம் எந்தத் திசையில் வந்தாலும் ஏற்றாக வேண்டும் என்று தரநிலையே சொல்லிவிடுகிறதே! ஆனால் டிவைஸ் ட்ரீயைப் பராமரிப்பவர்கள் இதில் கறார்: எழுத வேண்டியது போர்டில் இருப்பதை, இன்றைய லினக்ஸ் டிரைவர் கேட்பதை அல்ல. காரணம் இருக்கிறது. இந்த மரங்களை யூ-பூட் என்ற பூட்லோடரும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளமும்கூடப் படிக்கின்றன.