கவாத்துத் திடலுக்கு அப்பால்

விடியற்கால மணி ஒலிக்குமுன்பே எங்கள் ஆலயத் திடலில் ஓர் இளைஞர் ஓடிக்கொண்டிருப்பார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அவர் ஆயத்தமான காலம் அது. எழுத்துத் தேர்வில் வென்றிருந்தார், 170 செ.மீ. உயரமும் இருந்தது. ஆனால் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். வேப்பமரத்தில் கட்டிய கயிற்றில் ஏறி ஏறி அவருடைய உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. அவர் தேர்வானபோது தலையில் கைவைத்து ஆசி கூறி அனுப்பினேன்.

7 மாதப் பயிற்சி முடிந்து வந்தவரின் நடையே மாறியிருந்தது. கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி, சட்ட வகுப்பு என ஆர்வத்தோடு விவரித்தார். கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் வேண்டும், உறவினருக்கு அறிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் வகுத்த நெறிகளை மனப்பாடமாக ஒப்புவித்தார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"சாமி, அடிக்கக் கூடாது என்று வகுப்பில் படித்தோம். 'அதெல்லாம் வகுப்போடு சரி' என்கிறார்கள் மூத்தவர்கள். நாளை என் கையில் தடியைக் கொடுத்தால் நான் என்ன செய்வது?"

யோர்தான் கரையில் படைவீரர்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்ட கேள்வி அல்லவா இது! படையை விட்டு விலகுமாறு அவர் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்காமலும் பொய்க்குற்றம் சுமத்தாமலும் இருக்கவே சொன்னார். பதில் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலய உண்டியல் உடைக்கப்பட்டது. பங்கைச் சேர்ந்த ஏழைச் சிறுவன் ஒருவன்மீது ஐயம் எழுந்தது. விசாரிக்க வந்த காவலரிடம், "சற்றுக் கவனித்து விசாரித்தால் உண்மை வந்துவிடும்" என்றேன். 'கவனித்து' என்ற சொல்லின் பொருள் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மைத் திருடன் பின்னர் வேறிடத்தில் பிடிபட்டான். சிறுவன் நொண்டியபடி வீடு திரும்பினான்.

2020 இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் எடுக்கப்பட்டபின் இறந்த செய்தி கேட்டு, அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். அன்றுகூட அந்த உண்டியல் என் நினைவுக்கு வரவில்லை. இளைஞரின் கேள்விதான் அதை நினைவூட்டியது. நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "அந்தத் தம்பி இப்போது எங்கே, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

நம் பங்கில்தான் இருக்கிறான். அன்று மாலை அவன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

காவலருக்குப் பயிற்சிப் பள்ளி 7 மாதம் கற்பிக்கிறது. எஞ்சிய காலமெல்லாம் கற்பிப்பவர்கள் யார்? 'நாலு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான்' என்று திண்ணையில் பேசும் நாமும்தான். நாம் கற்பிக்கும் பாடம் எது?