ஜனவரி 26: ஒரு தேதிக்குப் பின்னால் எட்டு வருஷம்

1/7
"ஜனவரி 26, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்." சரிதான். ஆனா சட்டம் 1949 நவம்பர் 26-லேயே ஏற்கப்பட்டாச்சு. அப்புறம் ஏன் ரெண்டு மாசம் காத்திருந்தாங்க? கொஞ்சம் பின்னாடி போவோம், வாங்க.

2/7
1921 டிசம்பர், அகமதாபாத் காங்கிரஸ். சுயராஜ்யம்னா அந்நியர் கட்டுப்பாடு துளியும் இல்லாத முழு விடுதலைன்னு தீர்மானம் கொண்டுவந்தார் மௌலானா ஹஸ்ரத் மோகானி. காந்தி எதிர்த்தார். தீர்மானம் தோத்துப்போச்சு.

3/7
1927 டிசம்பர், நம்ம சென்னை. மாநாட்டுத் தலைவர் டாக்டர் எம்.ஏ. அன்சாரி. எங்க தொழில்காரர்! பால்கன் போரில் காயம்பட்ட துருக்கி வீரர்களுக்கு வைத்தியம் பார்க்க, 1912-ல் மருத்துவக் குழுவைக் கூட்டிட்டுப் போனவர். முழு விடுதலையே இலக்குன்னு ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்தார். நிறைவேறிடுச்சு. அவசரப்பட்டுட்டாங்கன்னு காந்தி எழுதினார்.

4/7
அடுத்த வருஷமே ஒரு படி இறங்கினாங்க. மோதிலால் நேரு குழு, டொமினியன் அந்தஸ்து போதும்னது. அதாவது ஆட்சி நம்ம கையில், தலைக்கு மேல பிரிட்டிஷ் மன்னர். ஜவாஹர்லாலும் சுபாஷ் போஸும் ஒத்துக்கலை. கல்கத்தா மாநாட்டில் சமரசம்: பிரிட்டனுக்கு ஒரு வருஷக் கெடு.

5/7
டாக்டரா எனக்கு இந்த இடம் நல்லாப் புரியுது. ஆபரேஷன்தான் வழின்னு ஒருத்தர், மாத்திரை குடுத்துப் பார்க்கலாம்னு இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் நோயாளி பிழைக்கணும். ஆனா 'பார்க்கலாம்'னு சொல்றவர் தேதி குறிக்கணும். தேதி இல்லாத 'பார்க்கலாம்'லதான் நோய் முத்தும்.

6/7
காங்கிரஸ் தேதி குறிச்சது: 1929 டிசம்பர் 31. பிரிட்டன் இறங்கி வரலை. லாகூரில் முழு விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தவர், எட்டு வருஷம் முன்னாடி எதிர்த்த அதே காந்தி! நள்ளிரவில் ராவி நதிக்கரையில் கொடி ஏறிச்சு. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் விடுதலை உறுதிமொழி. அந்த நாளை நினைவில் வைக்கத்தான் 1950-லும் அதே தேதி.

7/7
இதை ஏன் எழுதுறேன்? கடையநல்லூரில் என்கிட்ட வந்த ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் கேட்டான்: "டாக்டர், சுதந்திரப் போராட்டத்துல நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா?" அப்படி ஒரு சந்தேகம் அவனுக்கு வந்ததே எனக்கு வலிச்சது. 1921-லேயே முழுசா கேட்டவர் மோகானி. சென்னையில் அது நிறைவேறினப்போ தலைமை நாற்காலியில் அன்சாரி. உங்க வீட்டுப் பிள்ளைங்க எந்த மதமா இருந்தாலும், இந்த ரெண்டு பேரையும் சொல்லிக் குடுங்க.