சருகுத் தீ

தாளவாடியில் எங்கள் நிலத்தின் மேற்கு வரப்பில் 1986 பங்குனியில் நான் தீ வைத்தேன். உண்ணிச்செடி மண்டி ஆடு நுழையவும் வழியில்லாமல் கிடந்தது. வெட்டிப் பார்த்ததில் கை கிழிந்ததுதான் மிச்சம். ஒரே தீயில் முடித்துவிடலாம் என்று பட்டது. எதையும் ஒரேயடியாக முடிப்பதில் அந்த வயதில் எனக்கு ஒரு ருசி இருந்தது, எழுத்திலும் அப்படித்தான்.

தீ தரையோடு நிற்கவில்லை. புதரைப் பிடித்து ஏறி, அப்பா நட்டு வளர்த்த இரண்டு இளம் புளியமரங்களின் உச்சிவரை போயிற்று. ஆவணிக்குள் கருகிய தூர்களிலிருந்து உண்ணிச்செடி முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்திருந்தது. மரங்கள் துளிர்க்கவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

மாடு மேய்க்க வந்த சோளகர் பெரியவர்தான் சொன்னார்: "தீ மேல தப்பில்லை. வருஷா வருஷம் வெச்சிருக்கணும்."

அவர்கள் 'தரகு பெங்கி' என்பது சருகுத் தீ. தை, மாசியில், பனியின் ஈரம் முற்றும் காயுமுன் வைப்பது. தாழ்ந்து ஓடி அணைந்துவிடும். சருகும் இளஞ்செடியும் எரியும். பெரிய மரம் தப்பும். நெல்லியைப் பற்றும் ஒட்டுண்ணியையும் அதுதான் அடக்கிவைத்தது என்பார்கள். வடகிழக்கே பிளிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமாயிற்று. தீ வைப்பது குற்றமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவின் அழகுக்காகக் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி அங்கே அடிக்காட்டை மூடிக்கொண்டது. தீயை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று சோளகர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் காதில் வாங்கவே வெகுகாலம் ஆயிற்று.

இப்போது பழைய தீயைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பேச்சு இருக்கிறது. எனக்குத் தயக்கம். ஆளுயரப் புதரில் சருகுத் தீ சருகுத் தீயாக இருக்காது, என் தீயாகிவிடும். பெரியவர் சொன்னதில் நான் தவறவிட்டது 'வருஷா வருஷம்' என்பதைத்தான். அவர்களுக்குத் தீ ஒரு கவனிப்பு. எனக்கு அது ஒரு முடிவு. இடையில் விட்டுப்போன வருஷங்களை ஒரு தீக்குச்சியால் ஈடுகட்ட முடியாது. முதலில் புதர் போகவேண்டும், கையால். பிறகுதான் தீ.

அப்பா போனபின் தை தோறும் வரப்பில் உட்கார்ந்து, வேர்க்கழுத்துக்குக் கீழே மண்ணைத் தோண்டி வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறேன். அப்படி வைத்தால் துளிர்ப்பதில்லை. ஒரு காலைக்குப் பத்துத் தூர். மரங்கள் நின்ற இடத்தில் இன்னும் எதுவும் நடவில்லை.