தொண்டைக்குள் போன மெட்டு

நாடகத்துக்கு இசை வேண்டும் என்று வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தோழர், நாலே நாலு பாட்டுதான். அப்புறம் அங்கங்கே கொஞ்சம் மியூசிக்." அந்த 'அங்கங்கே கொஞ்சம்' தான் என் வேலையில் முக்கால்வாசி. பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்தே மெட்டுப் போட்டுவிடலாம். அங்கங்கே வருவதை ஒத்திகையில் உட்காராமல் செய்ய முடியாது. ஒத்திகையில் உட்காருவதற்குக் காசு தரும் பழக்கமோ, நானறிந்த சென்னை நவீன நாடகக் குழுக்களில் கிட்டத்தட்ட இல்லை.

ஒரு நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த கிழவிக்கு ஒப்பாரி. நடித்தவர் நல்ல நடிகை, பாடகி இல்லை. ஐந்து கட்டையில் சுருதி வைத்தேன், குரல் ஏறவில்லை. நாலுக்கு இறக்கினால் கீழே வெறும் காற்றுதான் வந்தது. ஆர்மோனியத்தை மூடிவிட்டு, வசனத்தைச் சும்மா பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய பேச்சுக் குரல் ஒரு இடத்தில் போய் ஊன்றி நிற்கும். எந்தக் கட்டைக்கும் சரியாக ஒட்டாத இடம். அதையே ஆதாரமாக வைத்து, மூன்று சுரத்துக்குள் மெட்டைக் கட்டினேன். நாலாவது சுரத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் அவர் மூச்சை இழுப்பார். அந்த இடைவெளிக்கு உறுமியில் ஒரே ஒரு இழுப்பு. அது கொஞ்சம் முந்தினால் பேய்ப்படம் மாதிரி ஆகிவிடும், பிந்தினால் அவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். உறுமிக்காரரும் அவரும் ஒருவர் மூச்சு ஒருவருக்குப் பிடிபடும்வரை எத்தனையோ சாயங்காலங்கள் அதிலேயே போயின.

மேடையில் அது ஒரு நிமிடம்கூட வராது. கணக்குத் தீர்க்கும்போது குழுவில் பணம் பார்ப்பவர் கேட்டார்: "அந்த சீன்ல மியூசிக்கே இல்லையே, அந்தம்மாவே பாடிடுறாங்களே?" இதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது. வீட்டுக்காரரிடம் வாடகைக்குப் பதிலாக அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

குழுக்காரர்கள் யாரும் ஏமாற்றக் கிளம்பியவர்கள் இல்லை. பாதிப் பேர் கைக்காசைப் போட்டுத்தான் நாடகம் போடுகிறார்கள். இரண்டு மூன்று காட்சியோடு நின்றுபோகிற நாடகத்தில் என்ன வசூல் வந்துவிடும்? ஆனால் அந்த இல்லாமையிலும் ஒரு வரிசை இருக்கிறது. அரங்க வாடகை கட்டாவிட்டால் கதவு திறக்காது. லைட்காரர் முன்பணம் பார்க்காமல் சாமானை ஏற்றமாட்டார். செட்டைக் கொண்டுவரும் குட்டியானைக்காரர் இறக்கும்போதே கையை நீட்டிவிடுவார். இவர்கள் எல்லோராலும் கடைசி நிமிடத்தில்கூட 'முடியாது' என்று சொல்ல முடியும். என்னால் முடியாது. சொல்லிக்கொடுத்த மெட்டு நடிகர்களின் தொண்டைக்குள் போய்விட்டது, அதை நான் எப்படித் திரும்ப எடுத்துக்கொண்டு போவது? ஆகவே எனக்கு எப்போதும் கடைசி இடம். மிச்சம் இருந்தால் ஒரு கவர், அதன்மேல் 'அன்பளிப்பு'. மிச்சம் இல்லையென்றால் பொன்னாடை. பொன்னாடைகள் என் வீட்டில் நிறைய இருக்கின்றன.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் சங்கதி வேறு. அங்கே குழு என்றே ஒன்று இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசித் தேதி வாங்குவார்கள். ஆர்மோனியக்காரர் பெயர் நோட்டீஸில் இருக்கும். அட்வான்ஸ் கை மாறிய பிறகுதான் அந்தத் தேதி அவருடைய டைரியில் ஏறும். ஊர்க்காரர்களிடம் காசு கேட்பதை அவர் கலைக்கு இழுக்காக நினைத்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் பல மாதம் சும்மா இருக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லும் தொகைக்குள் அடக்கம்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது என்பதும் தெரியும். 1922-இல் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் இன்றைக்கும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 'வள்ளி திருமணம்' என்றால் ஒத்திகையே தேவையில்லை, அதுவரை முகம் பார்த்திராத ஆட்கள்கூட இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடிய விடிய நடத்திவிடுவார்கள். அவர்கள் ஒரு ராத்திரிக்கு விலை சொன்னால் போதும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் இல்லாத ஒன்றை உண்டாக்க வேண்டும், அதற்கு ஆகும் மாலைகளை எண்ண ஒரு அளவுகோல் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. 'நவீனம்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்களிடம் அட்வான்ஸ் என்ற பழைய பழக்கம்கூட இல்லையே என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் தனியாக இசை அமைத்துத் தருபவர்தான் அந்த இசைக்கு முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றே பொருள். ஒரு குழு என் பாட்டுகளோடு ஒரு நாடகத்தை வெளியூரில் மறுபடி போட்டதை ஒரு ரசிகர் அனுப்பிய வீடியோவில்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "உங்க பேரைச் சொன்னோமே, அண்ணே" என்றார்கள். சொல்லியிருந்தார்கள்தான். அதற்குமேல் வக்கீல் வைத்துப் பேச, அந்த நாடகத்தின் மொத்த வரவும் போதாது.

இப்போதெல்லாம் முதல் ஒத்திகைக்கு முன்பே பேசிவிடுகிறேன். மெட்டுக்கு இவ்வளவு, ஒத்திகைக்கு வரும் ஒவ்வொரு மாலைக்கும் இவ்வளவு, காட்சிக்கு இவ்வளவு, மறுபடி போட்டால் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன். வாத்தியக்காரர்களின் கூலி தனி வரி. அது என் பணத்தில் சேராது, அவர்களிடம் அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, "யூடியூப்ல ஏதாவது எடுத்துப் போட்டுக்கிறோம்" என்று போனவர்கள் உண்டு. அந்த மாதங்களில் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டுகள்தான் அடுப்பை எரிய வைத்தன. அங்கே மட்டும் காசோலை ஒழுங்காக வந்துவிடும், ஒத்திகைக்கு எத்தனை நாள் வருவீர்கள் என்றும் அவர்களே கேட்பார்கள்.

போன வாரம் ஒரு இளைஞர் குழுவுக்கு இந்தப் பட்டியலை அனுப்பினேன். மெட்டு, காட்சி, மறுகாட்சி மூன்றுக்கும் பேரமே பேசாமல் சரி என்றார்கள். ஒத்திகை வரியை மட்டும் அடித்துவிட்டு, "இது எதுக்குண்ணே? நீங்க சும்மா உக்காந்துதானே இருக்கப்போறீங்க?" என்று எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்.