டேங்குக் கணக்கு

வேளாண்மைப் படிப்பை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. மெடிக்கல் கட்-ஆஃப் கொஞ்சத்தில் போய்விட்டது. "பி.எஸ்ஸி. அக்ரி படிச்சா பேங்க் வேலை நிச்சயம்" என்று மாமா ஒருவர் சொல்ல, வீட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி 1965 முதல் இருக்கிற வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தேன். நாலு வருடமும் என் பையில் பூச்சியியல் நோட்டுக்குப் பக்கத்தில் ஐ.பி.பி.எஸ். வினாத்தொகுப்பு ஒன்று இருந்துகொண்டே இருந்தது. விவசாயி யாரோடும் அதுவரை உட்கார்ந்து பேசிப் பார்த்ததில்லை.

கடைசி வருடத்தில் 'ராவே' வரும். கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்துக்கு மாணவர் வாயில் அதுதான் பெயர். 1992-இல் ரந்தாவா குழு எல்லா வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் பரிந்துரைத்த ஏற்பாடு. செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்: மந்தையில் கோலப்பொடியில் வரைந்த கிராம வரைபடம், ஒரு வாளி, விதைநேர்த்தி செய்துகாட்டும் மாணவிகள், பின்னால் கைகட்டி நிற்கும் நாலைந்து பெரியவர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது ராவே. 2019 தொடக்கத்தில் எங்கள் குழுவுக்குத் திருமங்கலம் வட்டாரம் கிடைத்தது. கப்பலூரை ஒட்டிய ஊர்கள் என் பங்கு.

கப்பலூர் என்றதும் பலருக்கு டோல்கேட்தான் நினைவுக்கு வரும். நாலுவழிச் சாலை, சிட்கோ தொழிற்பேட்டை, எண்ணெய் லாரிகளின் வரிசை, கருமுத்து தியாகராசரின் பஞ்சாலை. ரோட்டோரக் காடுகளில் கல் ஊன்றி, கொடி கட்டி, மனை போட்டிருப்பார்கள். அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே போனால்தான் மானாவாரி கரிசல். புரட்டாசியில் பெய்கிற மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, பாசிப்பயறு. திருமங்கலம் பிரதான கால்வாய்க்கு ஒருபோகமாக 19,439 ஏக்கர் என்று அரசாணைகளில் எழுதியிருக்கும். கடைமடைக் கம்மாயில் நின்று கேட்டால் அந்த எண்ணுக்குச் சிரிப்பார்கள்.

நாங்கள் போன நேரம் கெட்ட நேரம். அமெரிக்கன் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவுக்குள் வந்து, 2018 மே மாதம் கர்நாடகத்தில் தலைகாட்டி, அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்திருந்தது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல எச்சம்; அதைக் கிளறினால் புழு. தலையில் கவிழ்த்துப் போட்ட ஒய், வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. எனக்கு அடையாளம் அத்தனையும் மனப்பாடம். "அதான் தெரியுதே தாயி, எங்களத்தான் தின்னுருச்சே" என்றார் ஒரு அம்மா, நான் படத்தைக் காட்டியபோது.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நூறுநாள் வேலை முடிந்து அந்த வழியாகப் போனவர்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் செய்துகாட்டினோம். ஐந்து கிலோ பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்க வேண்டும். வேப்பம்பழம் உதிர்வது ஆனி, ஆடியில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மாசியில். கொட்டையை நாங்களே விலைக்கு வாங்கித்தான் கொண்டுபோயிருந்தோம். அதை யாரும் கேட்கவில்லை. மரியாதைக்குக் கேட்காமல் விட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பெரியவர் ஒருவர் மட்டும், "மருந்தெல்லாம் நல்லாச் சொல்றீங்க பாப்பா. கடனுக்கு யாரு தருவா, அதச் சொல்லுங்க" என்றார். அறிக்கையில் அந்தக் கேள்வியை எழுத இடமில்லை.

எங்களைக் கூட்டிப்போன உதவி வேளாண்மை அலுவலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் வேலைக்கு வந்த காலத்தில், உலக வங்கி பணத்தில் நடந்த 'பயிற்சியும் பார்வையும்' முறையின் பழக்கம் இன்னும் மிச்சம் இருந்ததாம். இஸ்ரேல்காரர் டேனியல் பெனோர் வகுத்த முறை அது. இன்ன கிழமை, இன்ன ஊர், இன்ன மரத்தடி என்று விரிவாக்கப் பணியாளர் தவறாமல் வந்து நிற்க வேண்டும். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னாலும் போய் நிக்கணும்மா. நின்னாத்தான் அடுத்த தடவை பேசுவான்." இப்போது அவருடைய வண்டிப் பையில் இருந்தது பயனாளிப் பட்டியல்களும் ஜெராக்ஸ்களும். ஊர்கள் கூடிவிட்டன, ஆள் குறைந்துவிட்டது.

அவர்தான் ஒருநாள் சாயங்காலம், "உங்க நோட்டுல எழுதறதுக்கு ஒரு இடம் காட்றேன்" என்று திருமங்கலம் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் விட்டுவிட்டுப் போனார். பூச்சிமருந்துக்கடையை இங்கே மருந்துக்கடை என்றுதான் சொல்வார்கள். அதன்பிறகு பல சாயங்காலங்கள் நானாகவே அங்கே போனேன். என் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபிக்கக்கூடும்.

ஆட்கள் குருத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள், அல்லது போனில் படம் காட்டுவார்கள். கடைக்காரர் அண்ணாச்சி அதைப் பார்த்தும் பார்க்காமலும் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை நாள் பயிரு? முன்னால என்ன அடிச்ச? எத்தன டேங்கு போகும்? மூன்றாவது கேள்வியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் துண்டறிக்கையில் எல்லாமே ஹெக்டேருக்கு. ஊரில் ஏக்கர் கணக்கு, சில இடத்தில் சென்ட் கணக்கு. மருந்து அடிக்கிறவனுக்கோ முதுகில் தொங்குகிற டேங்கு ஒன்றுதான் கணக்கு. கூலியும் டேங்குக்கு இத்தனை என்றுதான்.

படைப்புழுவுக்கு இமாமெக்டின் பென்சோயேட், லிட்டருக்கு 0.4 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. 0.4 கிராமை மானாவாரிக் காட்டில் எதை வைத்து அளப்பது? அண்ணாச்சியிடம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. உள்பக்கம் பேனாவால் கோடு. "கோடு வரைக்கும் ஒரு டேங்கு, பேட்டரி டேங்குக்கு." எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்குத் தெரிந்தே அந்தக் கோடு வரை மருந்தைப் பொட்டலத்தில் எடுத்து, பக்கத்து நகைக்கடைத் தராசில் நிறுக்கச் சொன்னேன். ஆறரை கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. பேட்டரி டேங்கு 16 லிட்டர் பிடிக்கும், கணக்குப்படி 6.4 கிராம் வரவேண்டும். கோடு போட்டவர் என்னைப் போல நாலு வருடம் படித்தவர் இல்லை.

அவரைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. தேவையில்லாத 'டானிக்' ஒன்றை முக்கால்வாசிப் பேர் தலையில் கட்டினார். பூச்சிமருந்து, பூசணமருந்து, டானிக் மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கச் சொன்னார். கேட்டால், "தனித்தனியா அடிச்சா மூணு கூலி, யாரு குடுப்பா?" கைக்காசுக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. பற்று எழுதுகிற நீள நோட்டில் பெயர் ஏறுகிறவர் விலை கேட்டு நான் பார்த்ததே இல்லை. வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் கணக்குத் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அடுத்த வருடமும் அதே கடைதான், அவர் எடுத்துக்கொடுக்கும் மருந்துதான். அரசு ஆலோசனை இலவசம். ஆனால் புழு விழுந்த அன்றைக்கே மருந்தைக் கையில் கொடுத்து, தை மாசம் தா என்று சொல்கிற ஆலோசனைக்கு முன்னால் இலவசம் எங்கே நிற்கும்?

இதை அரசும் அறியாமல் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் 2003-லேயே உரம், மருந்துக் கடைக்காரர்களுக்கென்று ஒரு வருட டிப்ளமோ தொடங்கியது. கடைக்காரரைத் திட்டுவதை விட்டுவிட்டு அவரையே விரிவாக்கப் பணியாளராக்கும் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் நீள நோட்டை அந்தப் பாடத்திட்டம் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரியில் பி.எம். கிசான் வந்தது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, முதலில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு. ஆதார், பாஸ்புக், சிட்டா நகலோடு ஊரே வரிசையில் நின்றது. படிவம் எழுத ஆள் இல்லை. எங்களை உட்கார வைத்தார்கள். செயல்விளக்கத்துக்கு எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் எங்கள் பெஞ்சுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். பெயர், சர்வே எண், பரப்பு எழுதிக்கொண்டே, "சித்திரையில கோடை உழவு போடுங்க ஐயா, மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு வெயில்ல காயும், கொக்கும் மைனாவும் பொறக்கிரும்" என்று சொல்வேன். "ஆமா, பொன்னேர் பூட்டறப்ப எப்படியும் உழத்தான் போறோம்" என்பார்கள். சொன்னது உள்ளே போயிற்று. நான் செய்த விரிவாக்கப் பணி என்று எதையாவது சொல்லலாம் என்றால், அந்தப் படிவ வரிசையில் சொன்னதுதான். புகைப்படம் எதுவும் இல்லை.

மாமா சொன்னது பலித்தது. வங்கியில் வேளாண் அலுவலராக இருக்கிறேன், வேறு மாவட்டத்தில். கிசான் கடன் அட்டை விண்ணப்பத்தில் நிலம், பயிர், வேறு வங்கியில் பாக்கி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மருந்துக்கடைப் பாக்கிக்குக் கட்டம் கிடையாது. நான் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் வருகிற பதில், "அது எதுக்கு மேடம், அது வேற கணக்கு." வேறு கணக்கில்லை என்று வாதாடுவதில்லை. கடைப் பாக்கி உள்ளவர் என்று தெரிந்தால் அவருடைய ஃபைலை மேலே எடுத்து வைக்கிறேன். ஐப்பசியில் விடுவிக்கிற கடன் நேராகக் கடைக்கல்லாவுக்குப் போய்விடும். ஆவணி கடைசிக்குள் கைக்குக் கிடைத்தால் விதையும் முதல் மருந்தும் ரொக்கத்துக்கு வாங்கலாம். மேலாளருக்கு இந்த அவசரம் புரிவதில்லை. மார்ச் மாத இலக்குக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்கிறார்.